ரெண்டு நிமிச ஸ்கேன்

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் சுலக்ஷனா ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்க, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே இறங்கியவர்கள். வட்டகொடையில் பஸ் ஏறி, டவுன் ஆஸ்பத்திரி வாசலில் நம்பர் எடுத்து, முப்பத்தேழாவது ஆளாகக் காத்திருந்து, பதினொன்றரை மணிக்குத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போன இடைவெளியில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாமென்று விஜேந்திரன் வாங்கிவந்த கோப்பை இன்னும் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சாம். பபா ஹொந்தய்னாரு டொக்டர். புள்ள நல்லா இருக்காம்."

"சத்தம் கேக்க வச்சாங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

அந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் ஸ்டோரில் ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தான். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் அவன். கல்யாணம் முடித்து ஏழு வருடம். முதல் இரண்டு தடவையும் மூன்று மாதம் முடியுமுன்னே கலைந்துபோயிற்று. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம் நடக்கிறது. உள்ளே ஒரு உயிர் ஓடுகிறது என்பதைக் காதால் கேட்டுவிட்டால் போதும், மிச்ச நாளை எப்படியும் தள்ளிவிடலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

உள்ளே நடந்ததை அவள் பஸ்ஸில் சொன்னாள். டொக்டர் சின்ன வயசு. குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து இங்கே அங்கே நகர்த்தி, நாலைந்து இடத்தில் அளவு எடுத்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவள், இதயச் சத்தத்தைக் கேட்கலாமா என்று கேட்டாள். டொக்டர் சிரித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பி, மினுக் மினுக்கென்று துடித்த ஒரு புள்ளியைக் காட்டினார். பிறகு நர்ஸிடம் நீளமாக ஏதோ சொன்னார். நர்ஸின் கையில் இன்னும் நாற்பது பேரின் கார்டுகள் இருந்தன. டொக்டரின் நீளமான பேச்சை அவள் ஒரே வரியாக்கி, "கேக்கத் தேவையில்ல அம்மா, எல்லாம் சரி, எறங்குங்க" என்றாள்.

விஜேந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு, கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுறாங்க, லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டா பாதிதான் தர்றாங்க, இதுலயும் கொறச்சித்தான் அளக்கிறாங்க என்றான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சுலக்ஷனா அவன் தொடையைத் தட்டி அடக்கினாள்.

வீட்டில் அவன் அம்மா பேச்சியம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து மூடிவைத்திருந்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்துப் பென்ஷனில் வந்தவள். மருமகளிடம் பாசம் உண்டு, மற்ற யாரிடமும் நம்பிக்கை கிடையாது. விஷயத்தைக் கேட்டதும், "இன்னும் செத்த நேரம் காட்டுனா மெசினு தேஞ்சிருமாக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்த வீரம்மாவுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. தன் மகளை டவுனில் காசுக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போன கதையைத் தொடங்கினாள். அங்கே அரை மணித்தியாலம் படுக்கவைத்து, பிள்ளை கொட்டாவி விடுவதுவரை காட்டினார்களாம். முகத்தைப் படம் பிடித்தும் கொடுத்தார்கள். அந்தப் படம் இப்போது அவள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை யோகேஸ்வரி மிஸ் லயத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்து நாலு பிரிவுகளுக்கும் அவர்தான் மிட்வைப். ஐம்பது வயது இருக்கும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, குடையைத் தடிபோல ஊன்றி மலையேறி வருவார். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சுலக்ஷனாவின் கார்டை எழுதிக்கொண்டிருந்தவரிடம் பேச்சியம்மா முறையிட்டாள்.

டொக்டர் செய்ததுதான் சரி என்றார் மிஸ். பார்க்க வேண்டியதைப் பார்த்தார், அளக்க வேண்டியதை அளந்தார், கையை எடுத்துவிட்டார். நல்ல டொக்டர் அப்படித்தான் செய்வார்.

ஸ்டோருக்குப் புறப்பட்ட விஜேந்திரன் வாசலில் நின்றான்.

"கெடுதல் இல்லன்னா ஏன் மிஸ் அவ்வளவு அவசரம்? கெடுதல் இருக்குன்னா அதக் கொண்டாந்து ஏன் வயித்துல வைக்கணும்?"

மிஸ் பேனாவை மூடினார். "நல்ல கேள்விதான் தம்பி. கெடுதல்னு யாரும் கண்டதில்ல. ஆனா அது வெறும் படம் இல்ல. நம்ம காதுக்கு எட்டாத சத்தத்த உள்ள அனுப்பி எடுக்கிறது. படுற எடத்துல கொஞ்சமா சூடு ஏறும். துடிப்பக் கேக்க வைக்கிறதுல இன்னும் கொஞ்சம் கூட ஏறும். உள்ள இருக்கிறது போதும்னு சொல்ல முடியாத சீவன். அதனால தேவைக்கு வைக்கிறது, தேவை முடிஞ்சதும் எடுத்துர்றது. தொர வூட்டம்மா வந்து படுத்தாலும் ரெண்டு நிமிசந்தான்."

"தொர வூட்டம்மா இந்த ஆஸ்பத்திரிக்கு வரவா போறாங்க" என்றாள் பேச்சியம்மா.

மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விஜேந்திரனைப் பார்த்து, "நீங்க ஸ்டோர்ல ஓடுற ரோலர சும்மா சும்மா கழட்டிப் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"பாக்க மாட்டோம். சத்தம் சரியா இருந்தா உள்ள எல்லாம் சரி."

"அவ்வளவுதான்" என்று குடையை எடுத்துக்கொண்டார் மிஸ். தான் சொன்னது அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

விஜேந்திரனுக்குக் காதுதான் எல்லாம். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடும் மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக் கண்ணை மூடுவான். எந்தப் பெயாரிங் காய்ந்திருக்கிறது, எந்தப் பல்லுச் சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். கண்டியிலிருந்து வந்த கம்பனி எஞ்சினியர் ஒருவர் அவனுடைய காதைப் பிடித்துப் பார்த்து, இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டதை ஸ்டோரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். லயத்தில் படுத்திருக்கும்போதுகூட, மலைக்குக் கீழே ஸ்டோரின் இரைச்சல் கொஞ்சம் மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் குவைத்திலிருந்து பார்சல் வந்தது. அவன் தங்கச்சி சுதர்ஷினி அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பால்மா, சவர்க்காரம், பிள்ளைக்குக் கால்மேசு, அண்ணிக்கு ஒரு ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் அடியில் பஞ்சு சுற்றி ஒரு ரோஸ் கலர்ப் பெட்டி. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து ஒரு வயர். வயரின் முனையில் காளான் குடைபோல ஒரு தலை. போனில் சுதர்ஷினி விவரம் சொன்னாள். அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் இதை வயிற்றில் வைத்துத்தான் தினமும் பிள்ளையின் துடிப்பைக் கேட்டாளாம். ஆஸ்பத்திரியில கேக்க விடலன்னு அண்ணன் சொன்னதுலருந்து எனக்கு மனசே ஆறல என்றாள்.

அன்று பின்னேரம் பாயில் சுலக்ஷனாவைப் படுக்கவைத்து, கூட வந்திருந்த பசையைத் தடவி, விஜேந்திரன் அந்தத் தலையை வயிற்றில் வைத்து மெல்ல நகர்த்தினான். முதலில் இரைச்சல். பிறகு காற்று. பிறகு, தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம், அது வந்தது. தடதடவென்று, மூச்சு விட நேரமில்லாத வேகம்.

"வட்டகொட எறக்கத்துல ரயிலு வார மாதிரி இருக்கேடி" என்றாள் வீரம்மா.

பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சுலக்ஷனா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று. விஜேந்திரன் அந்தக் காளான் தலையை அசைக்காமல் பிடித்திருந்தான். தன் வாழ்நாளில் கேட்ட மெஷின்களிலெல்லாம் நல்ல மெஷின் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அது தினப்படி வேலையாயிற்று. மலையில் வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறி, முகம் கழுவி, விளக்கு வைத்து, கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமா உருண்டை ஒன்றைச் சாயத்தண்ணியோடு சாப்பிட்டு முடித்தால் அவள் பாயில் படுக்க வேண்டும். மேல் லயத்துப் பெண்கள்கூட வந்தார்கள். பசை இரண்டு வாரத்தில் தீர்ந்தது, தேங்காயெண்ணெய் வைத்தார்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமையில் வெளித் தோட்டத்துச் சொந்தக்காரர் வந்தால் ஒரு மணித்தியாலத்தையும் தாண்டும். சுலக்ஷனாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அலுப்பாக இருந்தது. நாள் முழுக்கக் கூடையைச் சுமந்த முதுகு பாயில் கிடந்து வலித்தது. போதுங்க, அந்த எடம் எரியுது என்று ஒருநாள் சொன்னாள்.

"இதென்ன டவுன் ஆஸ்பத்திரியா, ரெண்டு நிமிசத்துல எடுக்க?" என்றான் விஜேந்திரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஏழாம் மாதம் அசைவு எண்ணுகிற அட்டையைக் கொடுக்க வந்த யோகேஸ்வரி மிஸ், வயிற்றைப் பார்க்கையில் தொப்புளுக்குக் கீழே வட்டமாகச் சிவந்திருந்ததைக் கண்டார். என்னவென்று கேட்டார். பேச்சியம்மா பெருமையாகப் பெட்டியை எடுத்துவந்து காட்டினாள்.

மிஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். யாரும் சரியாகச் சொல்லவில்லை. இதை நிறுத்துங்கள் என்றார். டொக்டர் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்கப் பயந்ததை நீங்கள் மணிக்கணக்காக வைத்திருக்கிறீர்கள். அதுகூடப் பெரிதில்லை. இதில் கேட்கிற சத்தம் எதனுடையது என்று படித்தவர்களுக்கே சிலநேரம் தடுமாறும். தாயின் நாடியும் இதில் கேட்கும்.

விஜேந்திரன் சிரித்தான். "மிஸ், பதினாலு வருசமா மெசினுக்குக் காதக் குடுத்துட்டு இருக்கேன்."

"நீங்க கெட்டிக்காரர்தான் தம்பி. ஆனா இத நம்பி அசைவ மறந்துராதீங்க." மிஸ் அட்டையை சுலக்ஷனாவின் கையில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். காலையில் ஒன்பது மணியிலிருந்து, பிள்ளை அசைகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. பொழுது சாய்வதற்குள் பத்துக் கோடு வர வேண்டும். "வரலன்னா மழையோ வெயிலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். மறுநாள்னு சொல்லக் கூடாது. இந்தப் பெட்டிய எங்கிட்டக் குடுங்களேன், புள்ள பொறந்த பொறகு தர்றேன்."

பேச்சியம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குவைத்தில் தன் மகள் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து அனுப்பியது, கை மாறக் கூடாது என்றாள். மிஸ் இறங்கிப்போன பிறகு மகனிடம், நம்மகிட்ட ஒண்ணு இருந்துட்டா இவங்களுக்குப் பொறுக்காது என்றாள்.

அட்டையைக் கலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்கள். சுலக்ஷனா மூன்று நாள் கோடு போட்டாள். நாலாம் நாள் மறந்துபோயிற்று. பெட்டிதான் இருக்கிறதே.

ஆடி மாதக் காற்று அந்த வருடம் அடங்கவேயில்லை. மழை நேராக விழாமல் படுக்கைவசத்தில் அடித்தது. கூரைத் தகரங்களின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்தார்கள். சுலக்ஷனா வேலைக்கு நின்று இரண்டு வாரமாகியிருந்தது. எட்டாம் மாதம். சனிக்கிழமை முழுவதும் ஏதோ ஒன்று குறைகிறமாதிரி இருந்தது அவளுக்கு. என்ன குறைகிறது என்று இரவு படுத்த பிறகுதான் தெரிந்தது. விடியட்டும் என்று இருந்தாள்.

அசைவு தெரியாவிட்டால் முதலில் செய்யும்படி மிஸ் சொல்லியிருந்ததை ஞாயிறு காலையில் செய்தாள். சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி குடித்தாள். ஒரு ரொட்டி சாப்பிட்டாள். இடதுபக்கமாகச் சரிந்து படுத்து, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தகரத்தில் மழை விழுந்தது. ஒன்றுமில்லை. எழுந்து ஒரு சேலையும் துவாயும் கிளினிக் கார்டும் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு, வெளியே டயரைச் சரிசெய்துகொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க. புள்ள அசையலங்க."

ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வாடகைக்கு ஓட்டோ ஓட்டுகிற கிஷாந்தின் வண்டி கீழ் லயத்து வாசலில் நின்றது. ஏணியின் மேலிருந்து அதைப் பார்த்தபடியேதான் இறங்கினான். கையைத் துடைத்தான். பெட்டியை எடுத்தான்.

அன்று வழக்கமான இடத்தில் அது கிடைக்கவில்லை. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பேச்சியம்மா எண்ணெயை இன்னும் ஊற்றினாள். நடுவில், நன்றாக அழுத்திப் பிடித்தபோது கேட்டது. ஞாயிறென்பதால் ஸ்டோர் ஓடவில்லை. மலை முழுக்க மழையைத் தவிர வேறு சத்தமில்லை. அதனால் ஒவ்வொரு துடிப்பும் தெளிவாக வந்தது.

"மெதுவா இருக்கேங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். உரசல் இல்லை. வழுக்கல் இல்லை. ஒவ்வொன்றும் முந்தினதைப் போலவே, இடைவெளி மாறாமல் விழுந்தது. இப்படிக் கேட்கிற எந்த மெஷினையும் அவன் கழற்றியதில்லை.

"லோட் இல்லாம ஓடுது, சுலா. தூங்குது."

"நேத்துலருந்தா தூங்கும்?"

"குளுருக்குச் சுருண்டு கெடக்கும் புள்ள" என்றாள் பேச்சியம்மா. "நமக்கே எந்திரிக்க மனசு வரல."

சுலக்ஷனா பையைப் பார்த்தாள். "ஒரு தடவ போய்க் காட்டிட்டு வந்துருவோமே. ஓட்டோ நிக்கிதுல்ல."

"போனா என்னா செய்வாங்க? ரெண்டு நிமிசம் வச்சுப் பாத்துட்டு எறங்குன்னுவாங்க. அதுக்கு இந்த ரோட்டுல ஒன்னக் குலுக்கிக்கிட்டுப் போகணுமா? நான்தான் கேட்டுட்டேனே. செவ்வாக்கெழம கிளினிக்குதான."

ஸ்டோரே நம்புகிற காது. ஏழு வருடத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. அவள் பையை அவிழ்த்துச் சேலையை மறுபடி கொடியில் போட்டாள்.

திங்கட்கிழமை நாலு தடவை வைத்துக் கேட்டார்கள். நாலு தடவையும் கேட்டது. மத்தியானம் அவள், வயிறு கல்லு மாதிரி ஒரு பக்கமா சாயுது அத்த என்று பேச்சியம்மாவிடம் சொன்னாள். பேச்சியம்மா பெருங்காயம் போட்டுச் சுடுதண்ணி கொடுத்தாள். பின்னேரம் வேலை விட்டு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டியை எடுத்தான். சத்தம் வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். சனிக்கிழமையிலிருந்து அசையவில்லை என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி சுலக்ஷனாவை முதலில் உள்ளே கூட்டிப்போனாள்.

அதே டொக்டர். அதே குளிர்ந்த பசை. கருவியை வைத்தார். நகர்த்தினார். நிறுத்தினார். இன்னொரு பக்கம் வைத்தார். சுலக்ஷனா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. டொக்டர் கையை எடுக்கவில்லை. திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. நர்ஸிடம் மெல்ல ஏதோ சொல்ல, அவள் போய் வயசான டொக்டர் ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் உட்கார்ந்து கருவியை வாங்கிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து. எடுத்துருங்க, எடுத்துட்டு எறங்குன்னு சொல்லுங்க என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தாள். அவர்கள் எடுக்கவில்லை. கால் மணித்தியாலம் பார்த்தார்கள்.

பிறகு விஜேந்திரனை உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னது அவனுக்கு விளங்கிற்று, விளங்காதவன்போல நின்றான். தோளிலிருந்த பையைத் திறந்து ரோஸ் கலர்ப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். கேட்டுச்சுங்க ஐயா, நேத்துப் பின்னேரமும் கேட்டுச்சு, நான் கேட்டேன் என்றான். தமிழிலும் சொன்னான், சிங்களத்திலும் சொன்னான். வேண்டுமானால் இப்போதே வைத்துக் காட்டுகிறேன் என்று வயரைப் பிரிக்கத் தொடங்கினான்.

இளைய டொக்டர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நீளமாகப் பேசினார். நர்ஸ் இந்தத் தடவை எதையும் சுருக்கவில்லை. கார்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு சுலக்ஷனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"புள்ளயோட இதயம் நின்னு ரெண்டு நாளாவது ஆகியிருக்குமாம். இந்த மெசின்ல கேக்கிறதெல்லாம் புள்ளயோடதா இருக்காதாம் அம்மா. அசைவு கொறஞ்ச அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு அவரால உறுதியாச் சொல்ல முடியாதாம். ஆனா வந்திருக்கணுமாம்."

புதன்கிழமை விடிகாலையில் பிறந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கிஷாந்தின் ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான் விஜேந்திரன். தேயிலை மலைக்கு மேல், சவுக்கு மரங்களுக்கு அடியில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. கோப்பையால் இறைத்துவிட்டு வைத்தார்கள்.

சுலக்ஷனா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பால் கட்டி நெஞ்சு நெருப்பாகச் சுட்டது. கறிக்கு வாங்கிய கோவாவின் இலையை உரித்து வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள் பேச்சியம்மா. யோகேஸ்வரி மிஸ் ஒரு வாரம் தினமும் ஏறிவந்தார். முன்பு சொன்னது எதையும் நினைவுபடுத்தவில்லை. காய்ச்சல் பார்த்தார், கட்டை மாற்றினார், போனார். ஒருநாள் விஜேந்திரன் அவருடனேயே பாதிவழி இறங்கினான்.

"ரெண்டு நாளும் சத்தம் வந்துச்சே மிஸ். நான் கேட்டது என்னா அப்ப?"

மிஸ் குடையை மாற்றிப் பிடித்தார். "வேணாம் தம்பி. அதப் பத்தி இப்ப வேணாம்." அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அந்த வாரமே அவன் வேலைக்குப் போய்விட்டான். ஸ்டோரில் மூன்றாம் நம்பர் ரோலரின் பக்கத்தில் ஸ்குரூடிரைவரை ஊன்றி வெகுநேரம் நின்றான். பிறகு அதை நிறுத்திக் கழற்றத் தொடங்கினான். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. பூட்டினான். மறுநாள் முதலாம் நம்பரைக் கழற்றினான். அதுவும் சரியாக இருந்தது. கொழுந்து வாடி வழிந்து கிடக்க, மேற்பார்வை பார்க்கிற டீமேக்கர் ஓடிவந்து, ஓடுற மெசின ஏன்டா கழட்டுற என்று கத்தினார். சத்தம் சரியாத்தான் இருந்திச்சு ஐயா என்றான் அவன். டீமேக்கர் அவன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி வைத்தார். ரெண்டு நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்.

மத்தியானம் இரண்டரை இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா விறகு பொறுக்கப் போயிருந்தாள். விஜேந்திரன் இஸ்தோப்பில் ஏறியபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து அது கேட்டது.

அவன் கால் படியிலேயே நின்றுவிட்டது. உரசல் இல்லை. வழுக்கல் இல்லை. ஒவ்வொன்றும் முந்தினதைப் போலவே, இடைவெளி மாறாமல்.

கதவைத் தள்ளினான். சுலக்ஷனா பாயில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல். சேலையை விலக்கி, தளர்ந்துபோன வயிற்றின் நடுவில் அந்தக் காளான் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். உள்ளே யாரும் இல்லை. பெட்டியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அவனைப் பார்த்தாள்.

"இதுதான அன்னைக்குக் கேட்டது?"

நூறு மெஷினுக்கு நடுவில் வைத்தாலும் அவன் அதை அடையாளம் சொல்லிவிடுவான். அவன் வாசலிலேயே குந்தினான்.

"கண்ண மூடிக் கேட்டுட்டுச் சொல்லுங்க. ஒங்க காதுக்குத் தப்பாது."

"இதுதான்" என்றான்.

"என்னோடது."

தகரத்தில் தூறல் கனத்தது. சத்தம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"எடுத்துரு புள்ள. போதும்."

"இருங்க" என்றாள் சுலக்ஷனா, கையை எடுக்காமல். "இன்னும் ரெண்டு நிமிசம்கூட ஆகல."